இருசப்பன் எடுக்காத சிட்டிகை உப்பு

மரக்காணம் உப்பளத்தில் உப்புக் குவியலுக்குக் காவல் இருந்த இருசப்பனுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கழுவெளி ஏரிப் பக்கம் நாய் குரைத்தாலும், யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வருவான். காவலுக்கு அது நல்ல குணம்தான்; வீட்டுக்கு ஆகாது.

எழுபத்தைந்தாம் வருஷம், மாசி மாதம். மேஸ்திரியின் மச்சான் வண்டியில் உப்பு மூட்டைகளைத் திருட்டுத்தனமாக ஏற்றிப் போனதைக் கண்ணால் பார்த்ததாக இருசப்பன் மானேஜரிடம் சொன்னான். மானேஜர் தலையாட்டிவிட்டு, கணக்கர் தட்சணாமூர்த்தியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் டேக், பிஞ்ச், சால்ட் என்ற மூன்று சொற்கள் இருசப்பன் காதில் விழுந்தன. சால்ட் என்றால் உப்பு. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டையும் முணுமுணுத்தபடியே வீட்டுக்குக் கொண்டுபோனான்.

மனைவி தையல்நாயகி ஆரோவில் சமையல்கூடத்தில் வேலை செய்கிறவள். அவள் கற்ற இங்கிலீஷ் எல்லாம் அடுப்பைச் சுற்றித்தான்.

"டேக்குன்னா எடுக்கிறது. பிஞ்சுன்னா ஒரு சிட்டிக. இன்னாய்யா, சமைக்கப் போறியா?"

ஒரு சிட்டிகை உப்பை எடுத்தவன் என்று மானேஜர் தன்னைத்தான் சொல்லியிருக்கிறார் என இருசப்பன் முடிவு கட்டினான். திருட்டைச் சொல்லப் போனவனையே திருடனாக்கிவிட்டார்களே! அதுவும் மலைமலையாய்க் கிடக்கிற உப்பில் ஒரு சிட்டிகை! வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட அந்தக் கேவலம்தான் அவனை அரித்தது. மனைவியையும் அவன் விட்டுவைக்கவில்லை.

"நம்மூட்டு உப்பு எங்கேர்ந்து வந்துது? மெய்யச் சொல்லு."

"கடையில வாங்கினது. உனுக்கு இன்னா, புத்தி கெட்டுப்போச்சா?" என்று அவள் கரண்டியை ஓங்கினாள்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் ஆபீஸ் வாசலில் நின்று தூக்குவாளியைக் கவிழ்த்தான், துண்டை உதறினான். டீக்கடையில் யார் சிரித்தாலும் முறைத்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தட்சணாமூர்த்தி ஒருநாள் உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்பா, இன்னா கூத்து இது?"

"நான் சால்ட்ட டேக் பண்ணலீங்க சார். வேணும்னா மடியப் பாருங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ன யாருப்பா திருடன்னு சொன்னாங்க? அது இங்கிலீஷ்காரன் பேசுற பேச்சு. ஒரு சிட்டிக உப்போட எடுத்துக்கோம்பான். ஒருத்தன் சொல்றத அப்படியே நம்பிடாத, கொஞ்சம் சந்தேகமா கேட்டுக்கோன்னு அர்த்தம். நீ சொன்னத அப்படி எடுத்துக்கச் சொன்னாரு, அவ்ளோதான். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது, போ."

இருசப்பன் போகவில்லை. திருடன் என்றால் மடியை உதறிக் காட்டிவிடலாம். பொய்யன் என்றால் எதை உதறுவது? முகம் சுண்டிப்போய், கையிலிருந்த காவல் தடியை மேசைமேல் வைத்தான்.

"பாத்தத சொன்னா நம்ப மாட்டீங்கன்னா, காவக்காரன் எதுக்குங்க சார்?"

தட்சணாமூர்த்தியின் சிரிப்பு நின்றது. தடியை அங்கேயே விட்டுவிட்டு இருசப்பன் படி இறங்கிவிட்டான்.