பத்து இலக்க வம்பு

மணிமேகலைக்கு வாய்த்த சக்களத்தி ஒரு போன் நம்பர். அதுவும் அவளுடைய சொந்த நம்பரே. பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் அவள் புருஷன் மாயவன், மூன்று வருஷமாக அந்தப் பத்து இலக்க எண்ணோடு மல்லுக்கட்டுகிறான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண்ணாம் அது. நிரூபித்தே தீருவானாம். அதற்கு ஒரு லட்சத்துக்குள் இருக்கும் பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவையே ஒன்பதாயிரத்துக்கு மேல். போனில் தட்டினால் நொடியில் தெரிந்துவிடுமே என்றால், கையால் போட்டால்தான் கணக்கு என்பான். தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் சாக்பீஸால் போடுவான்.

அவள் பாடுதான் திண்டாட்டம். ஒகேனக்கல் ரோட்டில் யாரோ ஒரு பரிசல்காரர் வைத்த போர்டில் ஓர் இலக்கம் தப்பாக விழுந்து, அது இவள் நம்பராகிவிட்டது. விடிந்ததும் "பரிசல் இருக்குங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். இந்த ரகளையில், விலை சொல்லும் மண்டிக்காரரின் போனைத் தவறவிட்டு, விலை ஏறிய அன்று பறிக்காமல், இறங்கிய அன்று பறித்துக்கொண்டு போய் நிற்பாள்.

"ஏங்க, நம்பரை மாத்திடலாங்க."

"கணக்கு முடியட்டும். வகுபட்டுச்சுன்னா அன்னிக்கே மாத்திக்க. வகுபடலைன்னா உசுரே போனாலும் உட மாட்டேன்."

எரிச்சல் தாங்காமல், அது பகா எண்தானா என்று தர்மபுரியில் படிக்கும் மகள் சுசித்ராவிடம் கேட்டாள். மகள் தட்டிப் பார்த்துவிட்டு, "அறுநூத்திப் பதிமூணால வகுபடுதும்மா" என்றாள். மேகலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எண்ணை மாயவன் முதல் வருஷமே தாண்டிவிட்டான். இப்போது எண்பதாயிரத்தில் நிற்கிறான். இதை எப்படிச் சொல்வது?

ஆனால் அடுத்த பரிசல் போன், மண்டிக்காரர் விலை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் குறுக்கே வந்தது. பொறுமை போயே போய்விட்டது.

"அறுநூத்திப் பதிமூணால இன்னொரு தபா போட்டுப் பாருங்க!"

போட்டான். மீதி பூஜ்யம். அழித்துவிட்டு மறுபடி போட்டான். பூஜ்யமேதான்.

"அன்னிக்குப் பாதிக் கணக்குல கிரேட்டை வண்டில ஏத்திட்ட. மிச்சத்தை மனசுலயே போட்டேன்" என்றான். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. "சிம்மை மாத்திக்க மேகலை."

மாற்றினாள். போன் அடங்கியது. மண்டி விலை ஒழுங்காகத் தெரிந்தது. மாயவன் தண்ணீர் பாய்ச்சினான், சாப்பிட்டான், படுத்தான். புது நம்பர் என்னவென்று மட்டும் கேட்கவில்லை. அவள் கேட்பான் கேட்பான் என்று பார்த்தாள். கட்டின பெண்டாட்டியின் நம்பரைக்கூடக் கேட்காத மனுஷன் என்ன மனுஷன்? பழைய தொல்லையே மேல் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் சோறு போட்டபடியே, பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக அவன் காதில் விழும்படி சொன்னாள்.

"கடைசில ஒம்பது. ரெண்டாலயும் அஞ்சாலயும் வகுபடாது. அது எனக்கே தெரியும். மேல நீங்க பாருங்க."

அவன் நிமிரவில்லை. சோற்றில் இருந்த விரல்கள் மட்டும் நின்றன. உதடு அசைந்தது, இலக்கங்களைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"மூணால போவாது" என்றான்.

"அப்ப ஏழுக்குப் போங்க" என்றாள், அழுகை வந்துவிடாமல் குழம்பை ஊற்றிக்கொண்டே.