ஆறு றோட்டாய் இருந்த ஏழு வீடுகள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், ஞாபகமும் விட்டு விட்டுத்தான் வரும். பிழை பிடிக்காதேங்கோ.

போன மாதம் எங்கட வன்னிப் பக்கத்து ஆட்கள் லண்டன் ஹரோவில் கூடினார்கள். எங்கட ஆற்றுப் பகுதியைப் பற்றிப் புத்தகம் போடப் போகிறார்களாம். மருமகள் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போயிட்டாள். புத்தகத்துக்கு ஊர் வரைபடம் கீறுகிற தம்பி ஒவ்வொருவராய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அம்மா, உங்கட வீடு எந்த றோட்டில?"

"ஆத்தில," என்றன்.

"ஆத்துக்குள்ளயோ? அப்ப நீங்கள் மீனோ அம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தன். நான் விளங்கப்படுத்தமுன் அவர் எங்கட கரைக்குப் பச்சை அடித்து, 'காடு' என்று எழுதினார்.

காடுதான். ஆனால் அதுக்குள்ள ஏழு வீடு இருந்தது. எங்கட அப்புவின் காலத்தில் காடு வெட்டிக் குடியேறின ஏழு குடும்பம். மாரியில் ஆறு பெருகினால் எங்கேயும் போக ஏலாது. மற்ற மாதங்களில் வெறும் மணல். அந்த மணல்தான் எங்களுக்கு றோட்டு. மாட்டுவண்டி போனதும் அதில்தான், நாங்கள் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான். வாசல்களும் ஆற்றைத்தான் பார்த்திருந்தன.

குடிதண்ணிக்கு மணலில் குழி தோண்டுவம், பூவல் என்று சொல்லுறது. ஒரு முழத்தில் தண்ணி ஊறும். வீட்டுக்கு ஒரு பூவல், அவரவர் வாசல் மருதமரத்துக்கு நேரே. வெள்ளம் வந்து மூடிப்போட்டுப் போகும். வற்றினதும் மரத்தைப் பார்த்து அதே இடத்தில் திரும்பத் தோண்டுவம். மற்ற வீட்டுப் பூவலில் கேட்காமல் அள்ளுறதில்லை. "எடு பிள்ளை, கலக்காமல் எடு" என்பார்கள்.

இடம்பெயர்ந்த பிறகு ஒருவரும் அங்கே திரும்பேல்ல. மகன் போனில் காட்டின அந்த இடத்துப் படத்திலும் மரம்தான் தெரியுது. அந்த ஏழு வீட்டில் லண்டனில் இருக்கிறது, நான் அறிய, நான் மட்டும்தான்.

இப்ப நான் இருக்கிற ஃபாரஸ்ட் கேட் வீட்டில் பகலில் வேற ஒருவரும் இல்லை. மேலறையில் இருந்து பூவல்களை எண்ணிப் பார்க்கிறன். முதல் எங்கட. பிறகு வண்டிக்காரர். இரட்டைப் பெண்பிள்ளைகள் இருந்த வீடு. மருத்துவிச்சி. தேன் எடுக்கிறவர். ஏழாவது, வளைவில், கண் தெரியாத பெரியவர். ஆறாவது வருகுதில்லை. மரம் தெரியுது, தண்ணி அள்ளுற கை வளையலோட தெரியுது. முகம் இல்லை.

படம் கீறின தம்பி, அச்சுக்குப் போகமுன் அந்தப் பச்சைக்குள்ள ஏழு புள்ளி வையுங்கோ. றோட்டுத் தேடாதேங்கோ, ஆற்று வளைவில் தொடங்கி மேலே வாங்கோ. அடுத்த கூட்டத்தில் நான் எழுதின இதை வாசியுங்கோ. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஆட்கள் ஆராவது வந்திருந்தால், ஆறாவது வீட்டில் இருந்தது ஆர் என்று கேட்டுச் சரிபாருங்கோ. மூன்றையும் நாலையும்கூட நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம்.