ஜெசிந்தா அக்காவின் பதினொரு நிமிடம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் விசாரணை மேசையில் இருந்தபோது என் கைபேசியில் ஜெசிந்தா அக்காவின் பெயர் வந்தது. எடுத்து, “சொல்லுங்கக்கா” என்றேன். பதில் இல்லை. அக்கா எப்போதும் அப்படித்தான் என்பதால் சிரித்தபடியே காத்திருந்தேன். பிறகு கேட்டது அவர் மகள் ஸ்டெல்லாவின் குரல்.

“சித்தி, அம்மா போயிட்டாக.”

சமுதாயக் கல்லூரியில் தகவல் தொடர்புப் பட்டயம் படித்த நம் பதினாறு பேருக்கும் அந்த மௌனம் நினைவிருக்கும். எதைக் கேட்டாலும் அக்கா நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிடலாம். அதன் பிறகே பேசுவார்.

“அக்கா, லைன்ல இருக்கீகளா?” என்று யாராவது கிண்டலடிப்போம்.

“இருக்கேன்ளா. நீ முடிச்சிட்டியான்னுதான் பாக்கேன்.”

வீட்டில் வயர்லெஸ் வைத்து, கடலில் இருக்கும் கணவரோடு இருபது ஆண்டுகள் பேசிப் பழகியவர் அவர். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். “பொத்தான்லேருந்து கைய எடுத்தாத்தான் அவுகளுக்கு வழி கெடைக்கும்” என்பார். ஒரு நாள் கணவர் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஐம்பது வயதில் ஏன் படிக்க வந்தீர்கள் என்று ஆசிரியை முதல் நாள் கேட்டதற்கு, “இங்கன எவளும் அடுத்தவள பேசி முடிக்க விடுறதில்ல டீச்சர். அத படிச்சுக் குடுக்கீகளாம்லா?” என்றார். அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

யாராவது ஒருவரைப் பத்து நிமிடம் பேட்டி எடுத்து வரச் சொன்ன பயிற்சியைப் பற்றித்தான் உங்கள் எல்லோருக்கும் நான் எழுத வேண்டும். அக்கா தம் கைபேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். கணினியில் வெட்டி ஒட்டுவது நம் வகுப்பில் என் வேலை. “இடத்த அடைக்கும், உங்க போன்ல அழிச்சிருங்கக்கா” என்று சொன்னதும் நான்தான்.

வீட்டில் காதில் மாட்டிக் கேட்டேன். பதினொரு நிமிடம். “கேக்குதா?” என்கிறார் அக்கா. பின்னர் கடலலையும் காற்றும் மட்டும். “சோறு தின்னாச்சா?” மறுபடியும் காற்று. “அங்கன குளிருதா?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தவர், திடீரென்று சிரித்து, “போங்க, ஒங்களுக்கு எப்பவும் வெளையாட்டுதான்” என்றார். பட்டப்பகல், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. ஆனாலும் நான் எழுந்து போய் மின்விளக்கைப் போட்டேன்.

எதிரில் இருந்தவரின் குரல் பதிவாகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச்சில்லாத இடத்தை வெட்ட வேண்டும் என்றுதானே கற்றிருந்தோம்? வெட்டினேன். இரண்டு நிமிடம் மிஞ்சியது. அதே பெயரில் சேமித்தேன். மூலப்பதிவு அதோடு போயிற்று.

வகுப்பில் அது ஒலித்ததை நீங்களும் கேட்டீர்கள். கேள்வி மேல் கேள்வி, நடுவே மூச்சு விடவும் இடமில்லை. அக்கா எழுந்து ஒலிபெருக்கி அருகே போய் நின்றார்.

“ஏளா சுமதி, அவுக பேசுனது எங்க?”

“அது வீட்ல பத்திரமா இருக்குக்கா” என்றேன்.

அந்தப் பொய்யை ஆறு ஆண்டுகள் காப்பாற்றினேன். மீன் சந்தையில் பார்த்தாலும், பேருந்தில் பார்த்தாலும், “பத்திரமா இருக்குல்லா?” என்பார். “இருக்குக்கா” என்பேன். அதன் பிறகும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஐந்து எண்ணிக்கைக்குள் உண்மையைச் சொல்லிவிட எனக்கு எத்தனையோ முறை வாய்ப்பிருந்தது. ஒவ்வொரு முறையும் நானே பேச்சை மாற்றினேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்குப் போனபோது ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“அம்மாவுக்குத் தெரியும் சித்தி. ‘இருக்குன்னு சொல்லும்போது மூச்ச முழுங்குதா பாவம். அவளா சொல்லட்டும்’னுவாக. பெரியாஸ்பத்திரில கெடக்கும்போது ஒங்களுக்குன்னு ஒண்ணு பேசி வச்சிருக்காக.”

அந்த வீட்டிலேயே கேட்டேன். “ஏளா சுமதி, கேக்குதா?” பின்னர் மின்விசிறியின் ஓசை. எங்கோ ஒரு காகம். “அது போயிட்டுல்லா?” அதன் பிறகு ஒன்றுமில்லை. ஐந்து எண்ணினேன். அந்த ஓசைக்குள் யாரோ என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. என்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னேன்: “போயிட்டுக்கா. நான்தான் அழிச்சேன்.”

“சரி, அழாத” என்றது அக்காவின் குரல்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவிடமிருந்து என்னோடு இருப்பது அந்தப் பதிவுதான். நான்கு நிமிடம் ஓடும். அதில் அவர் பேசுவது அரை நிமிடம்கூட இராது. ஒரு நொடியையும் நான் வெட்டவில்லை. மீதி நேரம் முழுவதும் நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார்.