யானை கட்டும் பின்பலகை

எங்கள் சாங்வி குடியிருப்பில், கார் நிறுத்தும் இடத்தில் என் சின்ன அலுமினியப் படகு கிடந்தது. மோட்டார் மாட்டும் மரப் பின்பலகை உளுத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை இது தண்ணில மிதக்கணும். இல்லாட்டி பழைய சாமான் வாங்குற பங்கார்காரன் எடைக்குத் தூக்கிட்டுப் போவான்" என்றாள் மனைவி.

ஒரு பிளைவுட் பலகை போதும் என்றார் மரக்கடைக்காரர். எதற்கும் உபரி ஏற்பாடு வைத்தே பழகிய மென்பொருள்காரன் நான். மூன்றை ஒட்டி, போல்ட் போட்டு முடுக்கினேன். யானையையே கட்டலாம்.

சனிக்கிழமை மோட்டாரைத் தூக்கி வைத்தேன். பலகையைப் பிடிக்கும் அதன் கவ்வியை முழுதாகத் திறந்தும் பலகையின் தடிமனுக்கு அது எட்டவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "மிதக்கணும்னுதானே சொன்னேன்? மோட்டார்ல ஓடணும்னா சொன்னேன்? துடுப்பு இருக்குல்ல?"

ஞாயிறன்று ஏரியில் துடுப்புப் போட்டேன். பின்பலகை இம்மியும் அசையவில்லை. என் தோள்பட்டைதான் கழன்றது.