லோகநாயகியின் சாவி

இரும்புலியூரில் என் வீட்டு மாடிதான் கம்பெனி. அப்பா வயலையெல்லாம் மனை போட்டு விற்ற பிறகு மிஞ்சிய இடத்தில் கட்டியது. தொழிற்சாலை மெஷின்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்து கொடுப்பது எங்கள் வேலை. என்னோடு சேர்த்து ஆட்கள் மொத்தம் நாலு பேர். அதில் மூளை யாருக்கு என்று கேட்டால், முதலாளியான நான் கூச்சப்படாமல் லோகநாயகியைக் கைகாட்டுவேன்.

கோவளத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். அம்மா மீன் விற்கிறவர். டிப்ளமோ முடித்துவிட்டு 2005இல் என்னிடம் வேலைக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி வருகிறவள், மாடியேறி வருகிற எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். ஆறாம் மாதமே நான் செய்த வயரிங்கில் தப்பு கண்டுபிடித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாகவும் இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது.

2008இல் மறைமலை நகர்ப் பக்கம் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து வேலை வந்தது. முதலாளி ராஜகோபால். ரப்பரை மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் வைத்துச் சூடாக அழுத்துகிற அவருடைய பிரஸ் மெஷினில் ஆபரேட்டர் தொட்டு இயக்குகிற டச் ஸ்கிரீனை, இன்டர்நெட் வழியாக அவர் எங்கிருந்தாலும் பார்க்க வேண்டும், இயக்கவும் வேண்டும். அந்த நாளில் அது சாமானிய வேலையில்லை. மழை பெய்தால் பிராட்பேண்ட் படுத்துவிடும். மோடம் ஒருமுறை அணைந்து எரிந்தால் அதன் இணைய முகவரியே மாறிவிடும். நேற்று கிடைத்த ஸ்கிரீன் இன்றைக்குக் கிடைக்காது. லோகநாயகி மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் ஒரு மதியம், எங்கோ கிடக்கும் அந்த மெஷினின் சூடு 162 டிகிரி என்று எங்கள் மாடிக் கம்ப்யூட்டரில் தெரிந்தது. கீழே ஓடிப்போய் என் மனைவி காமுவைக் கூட்டி வந்து காட்டினேன். “இந்த ஒரு நம்பருக்கா மூணு வாரம்?” என்றாள் அவள்.

சிக்கல் ஒரு சாவியால் வந்தது. பேனல் கதவில் லோகநாயகி ஒரு சாவி ஸ்விட்ச் வைத்திருந்தாள். சாவியைத் திருப்பி உருவிவிட்டால், வெளியிலிருந்து மெஷினைப் பார்க்கலாம், ஓட்ட முடியாது. மெஷினுக்குள் கை விடுகிறவர் சாவியை உருவித் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதியும் போட்டாள்.

தொழிற்சாலைக்குப் போய் இதைச் சொன்னதும் ராஜகோபாலுக்குச் சுர்ரென்று ஏறியது. “நான் ஜெர்மனியில உக்காந்து ஸ்டார்ட் பண்ணணும். அதுக்கு இங்க ஒரு ஆள் சாவி திருப்பணும்னா, இன்டர்நெட் எதுக்கும்மா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “எனக்கு இன்னும் மூணு பிளான்ட் இருக்கு, பொன்னுரங்கம். யோசிச்சுக்கங்க” என்றார்.

மூன்று பிளான்ட் என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. “கழட்டிடும்மா. புடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்காத” என்றேன்.

“எங்க வூட்டு போட்ல, இஞ்சின் விசிறில வலை சிக்கிக்கிச்சுன்னா ஒருத்தர் தண்ணில எறங்கி எடுக்கணும் சார். எறங்குறவரு, இஞ்சின் ஸ்டார்ட் பண்ற கயித்த இடுப்புல சுத்திக்கினுதான் எறங்குவாரு. மேல நிக்கிறது கூடப்பொறந்தவனா இருந்தாலும் அப்டிதான். நம்பிக்கை இல்லாம இல்ல சார். மேல கீறவருக்குத் தண்ணிக்குள்ள தெரியாதுல்ல?” என்றாள். ராஜகோபாலைப் பார்த்து, “வேற ஆள வெச்சு வேணா கழட்டிக்கோங்க. பேனல் சரியா கீதுன்னு நான் கையெழுத்து போட மாட்டேன்” என்று முடித்தாள்.

“ஜெர்மனி போய்ட்டு வந்து கழட்டறேன்” என்று அவர் எழுந்து போய்விட்டார். திரும்பும் வழி நெடுக நான் அவளைத் திட்டினேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல உட்கார்ந்திருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. ராஜகோபால் ஜெர்மனியில் இருந்தார். அங்கே அவருடைய ரப்பர் பாகங்களை வாங்க வந்தவர்கள் முன்னால், நம் நேரம் இரண்டு மணிக்கு மெஷினை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. சூடு வேண்டாம், ஒருமுறை மூடித் திறந்தால் போதும், பேனலை மட்டும் அணைக்காதீர்கள், பூஜையை அதற்குள் முடியுங்கள் என்று தொழிற்சாலைக்குச் சொல்லியிருந்தார். எங்கள் மாடியில் நானும் லோகநாயகியும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஒன்றே கால் மணிக்கே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். “கெஸ்ட் சீக்கிரமே வந்துட்டாங்க. அழுத்தறேன், அழுத்தறேன், ஒண்ணுமே ஆகல! மானம் போகுதுய்யா!” என்று ராஜகோபால் கத்தினார். மூன்று பிளான்ட்டும் போயிற்று என்று நினைத்தேன்.

லோகநாயகி ஸ்கிரீனைப் பார்த்தாள். சாவி உருவப்பட்டிருக்கிறது என்று காட்டியது. இன்னொரு போனை எடுத்துத் தொழிற்சாலைக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தது அந்த பிரஸ்ஸில் வேலை செய்யும் கிளியம்மாள்.

“கிளியக்கா, சாவி எங்க?”

“என் இடுப்புலதான் கீது. உள்ள தலைய வுட்டு அச்சுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வெச்சிக்கினு இருந்தேன். நீ போன் போட்ட. இன்னும் கீழ் அச்சு பாக்கி கீது. இன்னா அவசரம் உனுக்கு?”

கிளியம்மாள் சொன்னது ஜெர்மனிக்கும் கேட்டது.

“லோகநாயகி,” என்றார் ராஜகோபால் மெதுவாக. “நான் எத்தனை வாட்டி அழுத்தினேன்?”

ஒவ்வொரு அழுத்தமும் பேனலில் பதிவாகும். பார்த்துச் சொன்னாள்.

“நாலு வாட்டி சார்.”

அவர் திரும்பி வந்து மற்ற மூன்று பிளான்ட் வேலையையும் எங்களுக்கே கொடுத்தார். சாவி இல்லாமல் பேனலை வாங்க மாட்டேன் என்று அவரே எழுதிக் கொடுத்தார். லோகநாயகியை எல்லோரும் பாராட்டினார்கள். சாவியைக் கழட்டச் சொன்னது நான் என்பதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என்னிடம் சம்பளம் வாங்கிய ஒரு பெண் என் பேச்சைக் கேட்கவில்லை. என் கம்பெனிக்கு அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் இல்லை.