வருஷம் சொல்லாத வேண்டுதல்

நாங்கள் இருப்பது பத்தாவது மாடி. எங்கள் பிளாட்டில் லிப்ட் எட்டிலும் பன்னிரண்டிலும்தான் நிற்கும். பழைய கட்டடம் அப்படி. நடக்கிறவர்களுக்கு இரண்டு மாடி ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, அவரைக் கீழே கொண்டுபோக நாலு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். அதனால் அவர் கீழே போவதில்லை. அவரை விட்டுவிட்டு நானும் போவதில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும் முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவேன். ஒன்பது வருஷம் இப்படித்தான் போனது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் நான் வீட்டை மறந்து வெளியே இருப்பேன். அது தைப்பூசம். அன்றைக்கு மகன் அப்பாவோடு இருப்பான். நான் மஞ்சள் சேலை கட்டி, பால்குடம் எடுத்து, தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுவேன். அந்த நாளுக்கும் ஒரு கட்டு இருந்தது. அதைத்தான் எழுத வந்தேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். மெதுவாகத்தான் வரும்.

அவர் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நடைபாதையில் சுவரோரமாக நின்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இவரைக் கொடுத்துவிடு, இவர் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் பால்குடம் எடுத்து உன் படி ஏறுகிறேன் என்றேன்.

எங்கள் ஆட்கள் யாரும் அப்படி வேண்டமாட்டார்கள். மூன்று வருஷம் என்பார்கள், ஐந்து என்பார்கள், மிஞ்சினால் ஏழு. முடிந்ததும் ஒரு கும்பிடு போட்டு இறங்கிவிடலாம். எனக்கு மட்டும் சாமியிடம் எண்ணிக்கை சொல்வது பேரம் பேசுவது மாதிரி இருந்தது. மீன்காரனிடமே நான் பேரம் பேசமாட்டேன். அந்தத் திமிரில் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது நாள் அவர் கண் திறந்தார்.

முதல் நாலைந்து வருஷம் சந்தோஷமாகத்தான் ஏறினேன். வரிசையில் எல்லோரும், புருஷனுக்காக ஏறுகிற அம்மா என்று வழி விட்டார்கள். தண்ணீர்ப் பந்தலில் நாற்காலி போட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆறாவது வருஷம், பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. இங்கேயே இந்தக் குடத்தை இறக்கி வைத்துவிட்டால்? வைத்தால் அங்கே அவர் போய்விடுவார். போய்விட்டால் நானும் லிப்டில் ஏறி எங்கேயாவது போகலாம். அரைப் படி ஏறுகிற நேரம்கூட இருக்காது அந்த நினைப்பு, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உச்சிவரை நிற்காமல் ஏறினேன். பார்த்தவர்கள் அதைப் பக்தி என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பயத்தில்தான் ஏறினேன். என் கால் நின்றால் அவர் மூச்சு நிற்கும் என்று ஆகிவிட்டது. துன்பம் எதற்கு வருகிறது என்று கோயிலில் பெரியவர்கள் பேசும்போது நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். பழைய வினை என்பார்கள், சோதனை என்பார்கள். தன் வாயாலே கட்டிக்கொண்டதற்கு என்ன பேர் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் முட்டி இரண்டும் போய்விட்டது. எட்டாவது மாடியிலிருந்து வீட்டுக்கு ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் ஊசி போடுகிற மிஸி, படிக்கட்டையே பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பூசத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது, மருமகள் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தே, இந்த வருஷம் குடத்த நான் எடுக்குறேன் லா. ஐயருகிட்ட கேட்டாச்சு, வீட்டு ஆளு எடுக்கலாமாம்."

"வேண்டிக்கிட்டது என் வாயி. ஏறுறதும் என் காலுதான்."

"உங்க காலா? தெனமும் அது என்கிட்டதான தைலம் கேக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. கோபத்தில், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மாமா இருக்கிற வரைக்கும் ஏறுவேன் என்று வேண்டியிருக்கிறேன், நான் நிறுத்தினால் அவருக்கு ஏதாவது ஆகும், அந்தப் பாவத்தை நீ சுமப்பாயா என்று கேட்டேன். அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அவர் கட்டில் ஹாலில்தான் இருக்கிறது.

அவர் விழித்திருந்தார். ஜுரு ஊருக்கும் துறைமுகத்துக்கும் லாரி ஓட்டிய மனுஷன். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர். வாதம் வந்த பிறகு பேச்சு குழறும், அதனால் பேசுவதையே குறைத்துவிட்டார். இடது கையால் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் போனேன்.

"என்னையக் கேட்டியா?" என்றார்.

முதலில் புரியாதது மாதிரி நின்றேன். புரிந்துவிட்டது. அவர் இருப்பதற்காக நான் வேண்டினேன், ஏறினேன், பட்டினி கிடந்தேன், அவரைத் துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன். இருக்க வேண்டுமா என்று அவரை ஒரு நாளும் கேட்டதில்லை. மாட்டிக்கொண்டது நான் மட்டும் என்று ஒன்பது வருஷமும் நினைத்திருந்தேன்.

"கேக்கல" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மருமகள் எழுந்து கை கழுவப் போனாள்.

தைப்பூசத்தன்று நான் போகவில்லை. மருமகளையும் போக வேண்டாம் என்றேன். குளித்து, விளக்கேற்றி, கட்டிலோரம் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கினால் விரலை மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். இரண்டாவது தடவை வைத்தபோது கண்ணைத் திறக்காமலே என் விரலைத் தட்டிவிட்டார். மத்தியானம் கஞ்சி குடித்தார். சாயங்காலம் மகன் டிவியில் தேர் ஊர்வலத்தைக் காட்டினான், முழுக்கப் பார்த்தார். மறுநாள் காலையில் எப்போதும் போல ஆறரைக்கு எழுந்தார்.

"இருக்கேன்" என்றார் என்னைப் பார்த்து. வாய் ஒரு பக்கம் கோணியது. அது சிரிப்பு.

நான் சந்தோஷப்பட்டேன் என்றுதான் எழுத வேண்டும். அது உண்மைதான். அதற்கு அடியில் ஒரு அவமானமும் இருந்தது. அப்படியானால் ஒன்பது வருஷம் அவரைத் தாங்கியது என் கால் இல்லையா? எனக்கு வழி விட்டவர்கள் எல்லோரும் எதற்கு விட்டார்கள்? எதற்காக இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று யாராவது கேட்டிருந்தால், இவருக்காகப் படி ஏறத்தான் என்று நிமிர்ந்து சொல்லியிருப்பேன். அந்தப் பதில் இப்போது என்னிடம் இல்லை. வேறொன்று தேட வயசுமில்லை.

பயமாவது போயிருக்கலாம். அதுவும் போகவில்லை. இந்த ஒரு வருஷம் முருகன் பொறுத்திருக்கிறானோ, அடுத்த வருஷமும் பொறுப்பானோ என்று மனசு அதற்குள் கேட்க ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் அவருக்கு முகம் துடைக்கும்போது கேட்டேன். "அடுத்த பூசத்துக்கு நான் ஏறட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

சொல்வார் என்று துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அவர் என்னையே பார்த்தார். சொல்ல முடியவில்லையா, சொல்ல விருப்பமில்லையா, தெரியவில்லை. துணி ஆறிப்போயிற்று. மறுபடி வெந்நீரில் நனைத்துக் கழுத்தைத் துடைத்தேன்.