ஒரு பெயரையும் விடாமல்

என் கணவருக்குப் பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) வந்தது ஞாயிறு பூசையில், விவிலியத்திலிருந்து முதலாம் வாசகம் வாசித்துக்கொண்டிருந்தபோது. கோயில் நிறைய ஆட்கள் இருந்தோம். ஒருவருக்கும் விளங்கவில்லை.

காரணம் அவருடைய வழக்கம்தான். வாசிக்கும்போது யாராவது குசுகுசுத்தால் நிறுத்திவிடுவார். முறைக்கமாட்டார், ஒன்றும் சொல்லமாட்டார். அமைதியானதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். எங்கள் ஊர் விடத்தல்தீவில் எல்லோருக்கும் இது தெரியும். அன்றும் நடுவில் நின்றார். உடனே தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். நானும் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தியைத் திரும்பி முறைத்தேன். வலது கை புத்தகத்திலிருந்து வழுகி விழுந்த பிறகுதான் பூசை செய்த சுவாமியார் எழுந்து ஓடினார். அவ்வளவு மரியாதையாகக் காத்திருந்தோம்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பத்தாம் நாள் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது பேச்சிழப்பு (சொற்கள் மூளையிலிருந்து வாய்க்கு வராமற்போவது) என்றார். பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறதா என்று கேட்டேன்.

"இப்ப சொல்லேலாதம்மா. நீங்கள் கதைச்சுக்கொண்டே இருங்கோ."

என்னத்தைக் கதைப்பது? முப்பது வருடமாக மீன்பிடி வலையையும் மகளின் படிப்பையும் தவிர நாங்கள் பெரிதாக ஒன்றும் கதைத்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அவருடைய விவிலியத்தை எடுத்தேன்.

அந்தப் புத்தகத்தின்மேல் மூக்குக்கண்ணாடியைக்கூட வைக்க விடமாட்டார். கடலால் வந்தால் குளித்து வேட்டி மாற்றிய பிறகுதான் தொடுவார். ஞாயிறு வாசகத்தைத் திங்கட்கிழமையே தொடங்கி, நாளுக்கு ஒரு தரம் சத்தமாக வாசித்துப் பழகுவார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு கேட்பேன். கேட்பேன் என்பது பெரிய வார்த்தை. இந்த மனிசனுக்கு இது ஒரு பைத்தியம் என்று மகளிடம் பகிடி பண்ணியும் இருக்கிறேன்.

தினமும் பின்னேரம் தலையணை வைத்து அவரை நிமிர்த்தி இருத்தி, பக்கத்தில் இருந்து ஒரு அதிகாரம் வாசித்தேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். வாசிக்கத் தொடங்கிய மூன்றாம் கிழமை, பெயர்களாகவே வரும் ஒரு பகுதி வந்தது. இன்னாருடைய மகன் இன்னார் என்று முடிவில்லாமல் போனது. அடுப்பில் சோறு. படுக்கையில் கிடக்கிற மனிசனுக்கு யாரோ பெற்ற பிள்ளைகளின் பெயர் எதற்கு என்று பாதியை விட்டுவிட்டு வாசித்தேன்.

இடது கை வந்து பக்கத்தின்மேல் விழுந்தது. தண்ணீர் வேண்டுமாக்கும் என்று கோப்பையை நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டார். விரல் மெல்ல மேலே ஊர்ந்து, நான் விட்ட வரியில் போய் நின்றது.

அழுதுவிட்டேன். பிறகு, "ஒண்டையும் விடாமல் வாசிக்கிறன், கையை எடுங்கோ" என்றேன். சோறு அடிப்பிடித்தது. ஒரு பெயரையும் விடாமல் வாசித்தேன். உடம்பு பாதி போன பிறகும் வேதவாக்கில் ஒரு வரி குறையவிடாத அந்த மனிசனை நினைக்கப் பெருமையாக இருந்தது. பகிடி பண்ணியதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த முறை டொக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எல்லாம் விளங்குகிறது, விடாமல் வாசியுங்கள் என்றார்.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அவர் வாழ்நாளில் எதைக் கவனமாகச் செய்தாரோ, அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கள். விளங்காது என்று நினைத்துக் குறுக்கு வழி மட்டும் பார்க்காதீர்கள்.

பத்து மாதமாகிறது. வலது கை இன்னும் மடங்கியபடிதான் இருக்கிறது. இனி அவர் கடலுக்குப் போகமாட்டார். முன்பெல்லாம் படகு வரும் நேரம், மகள் வரும் நேரம் என்று என் நாள் ஓடும். இப்போது ஒரு அதிகாரம் முடியும்வரை பின்னேரம் நகர்வதில்லை. எழுந்து ஓடத் துடித்த என் கால்களும் பழகிவிட்டன. மூச்சு வரியோடு போய் வரியோடு நிற்கிறது.

போன கிழமை அதிகாரம் முடிந்து புத்தகத்தை மூடப்போனேன். அவர் உதடு கோணியது. எங்கேயோ வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக் குனிந்தேன்.

"பேந்து?" என்றார்.

அடுத்தது என்ன என்று கேட்கிறார். நோய் வந்த பிறகு அவர் வாயில் வந்த முதற்சொல் அது. மகளைக் கூப்பிடவேண்டும், அயலுக்கெல்லாம் சொல்லவேண்டும் என்று மனம் பறந்தது. அவரோ பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அதிகாரத்தை வாசித்தேன்.